இரவு இசைக்கு இடம் கொடுத்த சென்னை: நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வரும் ஒருவனின் அனுபவம்

சென்னையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிட்டாரும் டிரம்ஸும் வாசிப்பதை நேரில் கேட்க நல்ல இடம் எது என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஓர் இடத்தின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. அடுத்த ஆண்டும் அந்த இடம் இருக்குமா என்பதற்குத்தான் என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் விரும்பிப் போன இடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நாட்களிலிருந்து போய்வந்த இடங்களை வைத்துப் பார்க்கும்போது ஒன்று எனக்குத் திட்டவட்டமாகப் படுகிறது. இந்த ஊரில் கேட்பதற்கென்றே கட்டிய அரங்குகள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. மதுவையும் சாப்பாட்டையும் விற்பதற்காக இசையைச் சேர்த்துக்கொண்ட இடங்கள் அந்த வியாபாரம் முடிந்த அன்றே மூடிவிட்டன. ஆனால் வாத்தியக்காரர்களுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுத்தவை இந்த இரண்டாவது வகை இடங்கள்தான். அதனால்தான் அவற்றை நினைத்து எனக்கு ஆற்றாமை.

நான் வளர்ந்தது பெரம்பூரில். ரயில்வே பட்டறைகளும், 1955-இல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் சோறு போட்ட பகுதி. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை ரயில்வே இன்ஸ்டிட்யூட் கூடத்தில் நடன இரவுகள் நடக்கும். மாலையிலேயே தரையைச் சுத்தமாகத் துடைத்து, காலணி வழுக்கிக்கொண்டு போவதற்காக முகப்பவுடரைத் தூவிவிடுவார்கள். மேடையில் டிரம்பெட், சாக்ஸபோன், கிட்டார், டிரம்ஸ். பாட்டியும் பேரனும் ஒரே பாட்டுக்கு ஆடுவார்கள். சிறுவர்கள் தூக்கம் வந்தால் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அங்கேயே படுத்துவிடுவார்கள். டிக்கெட் பணத்தில் பெரும் பங்கு இசைக்குழுவுக்குப் போகும்.

எங்கள் வீட்டில் என்னைத் தனியாக அனுப்பமாட்டார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பக்கத்து வீட்டு அங்கிள்தான் அப்பாவிடம் சொல்லி அழைத்துப் போவார். “தம்பி, முதல் பாட்டுக்கு மேடைக்கு எதிரே நிற்காதே. சுவரோரம் போய் நின்று கேள். இந்தக் கூடம் நல்ல கூடமா இல்லையா என்று அங்கேதான் தெரியும்” என்று அவர் சொல்லிக்கொடுத்தார். தாழ்ந்த சுருதிகள் சுவரோரத்திலும் மூலைகளிலும் திரண்டு நிற்கும். அங்கே நின்றும் பாஸ் கிட்டாரின் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகக் கேட்டால் அது நல்ல கூடம். எல்லாம் கலந்து ஒரே உறுமலாகக் கேட்டால், நடுவில் உட்கார்ந்தாலும் பாடகரின் சொல் புரியாது. இன்றுவரை அநேகமாக எந்த அரங்குக்குப் போனாலும் முதல் பாட்டைச் சுவரோரம் நின்றுதான் கேட்கிறேன்.

அந்தக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அவர்களோடு டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கப்பலேறின. எஞ்சிய வாத்தியக்காரர்கள் வேலை தேடிப் போன இடங்கள் இரண்டு: கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள், அண்ணா சாலையைச் சுற்றியிருந்த பெரிய ஓட்டல்கள்.

ஓட்டல் ஏன் என்பதற்கு இந்த மாநிலத்தின் மதுவிலக்கு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டது. 1971-இல் தி.மு.க. அரசு அதைத் தளர்த்தியது, சில ஆண்டுகளிலேயே மறுபடியும் கொண்டுவந்தது. 1983-இல் டாஸ்மாக் வந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் ஒன்று மட்டும் நிலைத்தது. மது பரிமாறும் உரிமம் உறுப்பினர்கள் கூடும் மனமகிழ் மன்றத்துக்குக் கிடைக்கும், அல்லது அறைகள் கொண்ட தங்கும் விடுதிக்குக் கிடைக்கும். பம்பாயிலும் பெங்களூரிலும் செய்வதுபோல, தெருவில் தனியாக ஒரு கட்டடம் எடுத்து, மதுக்கூடம் நடத்தி, அந்த வருமானத்தில் இசைக்குழுவை வைத்துக்கொள்ள இங்கே வழியில்லை. ஆகவே சென்னையின் இரவு விடுதி என்பது எப்போதும் ஏதோ ஓர் ஓட்டலின் நிலவறையிலோ மொட்டை மாடியிலோ ஒண்டுக்குடித்தனம் இருந்திருக்கிறது. வீட்டுக்காரர் வீட்டை விற்றால் குடித்தனக்காரர் கிளம்ப வேண்டியதுதான்.

மதுவை நம்பாத இடமும் இருந்திருக்கிறது. அண்ணா சாலையில் 1964-இல் திறந்த சஃபையர் திரையரங்க வளாகத்தில் சஃபையர், எமரால்டு, புளூ டயமண்டு என மூன்று திரைகள் இருந்தன. அங்கேயே ‘ப்ளோ அப்’ என்ற டிஸ்கோத்தேக்கும் (இசைத்தட்டுக்கு ஆடும் கூடம்) இயங்கியது. நகரத்தின் முதல் டிஸ்கோத்தேக் என்று அதைத்தான் மூத்தவர்கள் சொல்வார்கள். என் பெரியண்ணன் கல்லூரி நாட்களில் அங்கே போனவர். அவருக்கு நினைவிருப்பது இசைத்தட்டுகளும் குளிர்பானமும் கூட்டமும்தான். வளாகத்தை இடித்தபோது அந்த இடமும் அடையாளம் இல்லாமல் போயிற்று.

நான் சம்பாதிக்கத் தொடங்கிய 1980-களில் நட்சத்திர ஓட்டல்களின் உணவுக்கூடங்களில் தினமும் இசைக்குழு இருந்தது. ஒரு காபிக்கும் சாண்ட்விச்சுக்கும் பணம் இருந்தால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடலாம். சென்னை எனக்குக் கொடுத்த மிகச் சிறந்த இசைக் கல்வி அந்த மேஜைகளில்தான் கிடைத்தது. நான்கைந்து பேர் கொண்ட குழு, முக்கால் மணி வாசிப்பு, கால் மணி ஓய்வு, மறுபடி வாசிப்பு. முதல் சுற்றில் சாப்பிடுகிறவர்களின் பேச்சைக் கெடுக்காத மெல்லிய பாட்டுகள். இரண்டாவது சுற்றில் மேஜையிலிருந்து துண்டுச் சீட்டு வரும், கேட்ட பாட்டை வாசித்தாக வேண்டும். மூன்றாவது சுற்றில்தான் கூட்டம் குறைந்து, வாத்தியக்காரர்கள் தங்களுக்காக வாசிக்கத் தொடங்குவார்கள். நான் காத்திருந்ததெல்லாம் அந்தக் கடைசிச் சுற்றுக்குத்தான். ஒரு ராத்திரி கிட்டார்காரர் தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து, கீரவாணி ராகத்தின் சாயலில் கொண்டுபோய் நிறுத்தினார். பாஸ் வாசித்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே அதைப் பின்தொடர்ந்து வாசித்தார். பரிமாறிக்கொண்டிருந்த பையன் தட்டோடு நின்றுவிட்டான்.

இவர்களில் பலர் காலையில் திரைப்பட ஒலிப்பதிவுக்குப் போய், மாலையில் ஓட்டலுக்கு வருகிறவர்கள். ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் வாசிக்க வேண்டும். ஓட்டலில் எழுதாததை உடனே வாசிக்க வேண்டும். இரண்டு பயிற்சியும் ஒரே கையில் சேர்ந்ததால்தான் அந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் பாஸ் கிட்டாரிலும் டிரம்ஸிலும் அத்தனை சரளம் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1842-இலிருந்து அண்ணா சாலையில் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் கடையில் கம்பி வாங்கப் போனால் இவர்களில் யாராவது ஒருவரைப் பார்க்கலாம். அங்கேதான் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளும் வருவார்கள். ஏ.ஆர். ரஹ்மான் திரைக்கு வருவதற்கு முன் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்டு வாசித்தவர். ‘நெமெசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் தொடங்கினார். அப்படிப்பட்ட குழுக்கள் நின்று வாசிக்க இந்த ஊரில் மேடை இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1990-களில் அந்த மேடைகள் சுருங்கின. டி.டி.கே. சாலையின் கோடியில், அடையாறு கேட் அருகே, 1981-இல் ஹாலிடே இன் என்ற பெயரில் திறந்த ஓட்டல் பிறகு பார்க் ஷெரட்டன் ஆனது. அங்கே வந்த ‘காட்ஸ்பி 2000’ டிஸ்கோத்தேக் ஒரு தலைமுறைக்கே இரவு வாழ்க்கையின் முகவரி. அதே ஓட்டலில் பின்னாளில் ‘டப்ளின்’ என்ற இரவு விடுதி வந்தது. அதே சாலையில்தான் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கின்றன. டிசம்பரில் அகாடமியில் தனி ஆவர்த்தனம் முடிந்து, மங்களம் பாடி, கூட்டம் கலையும் நேரத்தில் இந்த ஓட்டல் வாசலில் கார்கள் வரிசைகட்டும். ஒரே மாலையில் மிருதங்கத்தையும் டிஸ்கோ டிரம்ஸையும் கேட்டுவிட்டு வீடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. இரண்டு இடத்திலும் என்னோடு வந்த நண்பன் தாளத்தை ஒரே மாதிரிதான் தொடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

டிஸ்கோத்தேக்கில் வாத்தியக்காரருக்கு இடமில்லை. ஒரு டி.ஜே. வந்தால் போதும். குழு என்றால் ஐந்து பேர் சம்பளம், ஐந்து பேர் சாப்பாடு, மாலையிலேயே சவுண்ட் செக், டிரம்ஸ் வைக்க மேடை, ஒவ்வொருவருக்கும் தன் வாசிப்பு கேட்க ஒரு மானிட்டர். வெளியே சென்னைப் புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய அறைக்குள் கிட்டாரைக் கொண்டுவந்தால் சுருதி இறங்கும், ஏறும். அரை மணியாவது அந்த அறையில் இருந்தால்தான் கம்பி அடங்கும். அந்த அரை மணியில் மேஜைகள் காலியாக இருப்பதை மேலாளர் கணக்குப் பார்ப்பார். உரிமக் கட்டணம் இரண்டு வழிக்கும் உண்டு. பாட்டை இயற்றியவர்களுக்காக 1969-இல் உருவான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு கேட்கும். பதிவான இசையை ஒலிக்கவிட்டால் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கான பி.பி.எல். அமைப்பு கேட்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால்கூட டி.ஜே. மலிவு. ஓட்டல்காரர்களை இதற்காக நான் குறை சொல்லமாட்டேன். மது விற்பனைதான் அவர்களுடைய வரவு. எது அதைக் கூட்டுகிறதோ அதைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

2002-இல் ஜெமினி ஸ்டூடியோ நின்ற மண்ணில் ‘தி பார்க்’ ஓட்டல் திறந்தது. ‘பாஷா’ என்ற அதன் இரவு விடுதிக்குள் முதல் தடவை நுழைந்தபோது, எஸ்.எஸ். வாசன் ‘சந்திரலேகா’வின் பிரம்மாண்டமான முரசு நடனத்தைப் படமாக்கிய நிறுவனம் இருந்த இடத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பத்தாண்டில் நகரத்தில் பணம் புழங்கியது. மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் வார இறுதியில் செலவழித்தார்கள், சில இடங்கள் வியாழக்கிழமைகளில் இசைக்குழுவைத் திரும்பக் கூப்பிட்டன. ஆனால் மணி பதினொன்று ஆனால் கதை முடிந்தது. ஒரு நட்சத்திர விடுதியில், பாட்டின் நடுவில், பாடகி கடைசிச் சரணத்தை எடுத்த கணத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் பாடி முடித்தார். எங்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. இன்னொரு மன்றத்தில் வேட்டி கட்டி வந்த என் நண்பரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அப்படிச் செய்யும் மன்றங்களுக்கு எதிராக 2014-இல் சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மீறினால் உரிமம் ரத்தாகும், சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம்.

காட்ஸ்பி இருந்த அந்த அடையாறு கேட் ஓட்டல் 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடியது. கடைசியாக அதற்கு கிரவுன் பிளாசா என்று பெயர். அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது. மூடிய செய்தி வந்த வாரத்தில் எல்லோரும் ‘தக்‌ஷிண்’ உணவகத்தைப் பற்றிப் பேசினார்கள், எழுதினார்கள். அது நியாயம்தான், நல்ல சாப்பாடு. அந்தக் கட்டடத்தில் எத்தனை டிரம்ஸ்காரர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள் என்று ஒருவராவது எழுதுவார் என எதிர்பார்த்தேன்.

இனி நிலைத்த இடங்களுக்கு வருகிறேன். எழும்பூர் பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கும் மியூசியம் தியேட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. அதே வளாகத்தின் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது. தியேட்டரில் பார்வையாளர் இருக்கைகள் அரைவட்டமாகச் சரிந்து மேடையைச் சூழ்ந்திருக்கும். சுமார் 600 பேர்தான் உட்கார முடியும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மனிதக் குரலுக்காகக் கட்டியது என்பதால் அக்கூஸ்டிக் கிட்டாரும் பியானோவும் சேர்ந்திசையும் அங்கே உயிரோடு கேட்கும். 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற சேர்ந்திசைக் குழு ஒன்று அப்படிப்பட்ட கூடத்தில் பாடினால் கடைசி வரிசையிலும் சொற்கள் தெளிவாக விழும். ராக் குழு வந்தால் ஒலியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாத ஒலி அமைப்பாளர் கையில் அந்தக் கூடம் சித்திரவதைப்படும். போனால் நடுவரிசையில், மேடைக்கு நேர் எதிரே உட்காருங்கள். அங்கே மட்டும் சுவரோரப் பரிசோதனை வேண்டாம், வளைந்த சுவர் ஒலியை வேறு மாதிரி திருப்பும்.

ஹாரிங்டன் சாலையில் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்தின் சர் முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கு பெரியது, இருக்கை வசதியானது, ஒலி அமைப்பு நம்பகமானது. ஐ.ஐ.டி.யின் திறந்தவெளி அரங்கம் தனி ரகம். முன்பு ‘மார்டி கிராஸ்’ என்றும் இப்போது ‘சாரங்’ என்றும் நடக்கும் ஜனவரி விழாவில் ஆயிரக்கணக்கான மாணவர்களோடு கற்படியில் உட்கார்ந்து கேட்பது எந்த வயதிலும் உற்சாகம். பனிக்குத் துண்டு எடுத்துப் போங்கள்.

அடையாற்றின் அன்வைண்ட் சென்டர் என்ற இசைக் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அங்கே மது இருந்ததில்லை. பள்ளிப் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு வந்து கேட்டார்கள். சொந்தப் பாட்டு எழுதும் குழுக்களுக்கு மேடை கொடுத்தார்கள், ‘ஜூன் ராக் அவுட்’ என்று ஆண்டு விழாவும் நடத்தினார்கள். ஓட்டல் மேடையில் வெளிநாட்டுப் பிரபலப் பாட்டுகளைத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. இங்கே பதினேழு வயதுப் பையன் தான் எழுதிய வரியைத் தடுமாறிப் பாடினாலும் கூட்டம் முழுதாகக் கேட்டது. பெரம்பூர் கூடத்தில் நான் பார்த்த அந்தக் குடும்பக் கூட்டத்தை அதற்குப் பிறகு பார்த்தது அங்கேதான். பெரிய மேடைகளில் இன்று வாசிக்கிற பலருக்கு அதுபோன்ற சின்ன அறைகளில்தான் முதல் கைதட்டல் கிடைத்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓட்டல்களிலும் சபாக்களிலும் கால் வைக்காத சென்னைக்கு இரவு இசை இல்லாமலா இருந்தது? வடசென்னையில் சாவு வீட்டு வாசலில் விடிய விடிய கானா பாடியிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் தெருவை மறித்து மேடை போட்டு மெல்லிசைக் குழு வாசிக்கும், மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் ஊரே கேட்கும். நேரடி இசையை வாரந்தோறும் கேட்ட மக்கள் இவர்கள்தான், நுழைவுக் கட்டணமும் உடைக் கட்டுப்பாடும் இல்லாமல். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் பெயின் பள்ளி மைதானத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் ஏறின. மேடையில் ஒலித்தது எங்கள் ஊர்த் தமிழ், எங்கள் ஊர்த் தாளம். முன்வரிசையில் வியாசர்பாடியிலிருந்து வந்த அம்மாக்கள் நின்று ஆடினார்கள். அதற்குப் பின் வந்த ‘மார்கழியில் மக்களிசை’ விழா அதை டிசம்பர் மாதத்து வழக்கமாகவே ஆக்கியது. கடந்த பத்தாண்டுகளில் சென்னை மேடைக்கு நடந்த நல்ல காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு என் யோசனை. ஓட்டல் இரவு விடுதியில் ‘லைவ்’ என்று போட்டிருந்தால், முழுக் குழுவா, பின்னணி இசையை ஓடவிட்டு ஒருவர் பாடுவதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எட்டு மணிக்கே போய்விடுங்கள், இந்த ஊரில் நேரம் குறைவு. நுழைவுச் சீட்டின் பணம் முழுவதும் சாப்பாட்டுக் கணக்கில் கழிகிறது என்றால் குழுவுக்கு அதில் பங்கு இல்லை என்று பொருள். குழுவுக்கென்று தனியாகக் கட்டணம் வைத்திருந்தால் அதைத் தயங்காமல் கொடுங்கள். நண்பர் வாசிக்கிறார் என்பதற்காக இலவசச் சீட்டு கேட்காதீர்கள். நண்பருக்குத்தான் முதலில் டிக்கெட் வாங்க வேண்டும். ஓய்வு நேரத்தில் வாத்தியக்காரர் வெளியே டீ குடிக்க வந்தால் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். எந்தப் பாட்டு பிடித்தது என்று சொன்னால், மூன்றாவது சுற்றில் அதை இன்னும் நீளமாக வாசிப்பார்.